மேல்மாடிக் கூடம்: ஆபி ஆல்டிரிச் ராக்பெல்லரின் கலைவாழ்வு

பெற்றோர் தேடிவைத்த நிலமும் பொன்னும் பிள்ளைகளைச் சென்று சேர்வதற்கு ஒரு பத்திரமும் இரண்டு சாட்சிகளும் போதும். பெற்றோரின் சுவை பிள்ளைகளைச் சேர்வதற்கு எந்தப் பத்திரமும் உதவுவதில்லை. தந்தை போற்றிக் காத்த படமும் சிலையும் மகனின் கண்ணுக்கு இடத்தை அடைக்கும் பழம்பொருள்களாகத் தோன்றலாம். மகன் பெரும்பொருள் கொடுத்து வாங்கிவரும் ஓவியம் தந்தையின் கண்ணுக்கு வெறுங்கிறுக்கலாகத் தோன்றலாம். கலைப்பொருள் திரட்டுவோர் வீடுகளில் தலைமுறைதோறும் நடந்துவரும் வழக்கு இது. பெரும்பாலும் இவ்வழக்கு இரு வகையில் முடியும். தந்தை திரட்டியதை மகன் விற்றுவிடுவான். அல்லது தந்தையின் திரட்டுக்குக் காவலனாய் நின்று தன் கண்ணைத் தானே மூடிக்கொள்வான்.

இவ்விரண்டுமல்லாத வேறொரு வழியும் உண்டு என்று தம் வாழ்வால் காட்டியவர் ஆபி ஆல்டிரிச் ராக்பெல்லர் அம்மையார் (1874-1948). நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தைத் தோற்றுவித்த மூன்று பெண்மணிகளுள் ஒருவர் என்று கலை வரலாறு அவரைக் குறிக்கிறது. அக்குறிப்பு சரியானதே, ஆயினும் முழுமையானதன்று. கலையை விரும்பிய தந்தைக்கு மகளாகவும், பழங்கலையை மட்டுமே விரும்பிய கணவருக்கு மனைவியாகவும், ஆளுக்கொரு திசையில் கலை தேடிய பிள்ளைகளுக்குத் தாயாகவும் வாழ்ந்தவர் அவர். மூன்று தலைமுறைகளின் சுவை வேறுபாடுகள் அவருடைய ஒரே வீட்டுக் கூரையின்கீழ்ச் சந்தித்தன. அச்சந்திப்பைச் சண்டையாக்காமல் காத்ததே அவர்தம் வாழ்வின் அருஞ்செயல் எனலாம்.

பிறந்த வீடு

ஆபி 1874ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை நெல்சன் ஆல்டிரிச், 1881 முதல் 1911 வரை முப்பது ஆண்டுகள் அமெரிக்க மேலவை உறுப்பினராக விளங்கிய அரசியலாளர். நாட்டின் நிதி, சுங்கச் சட்டங்களை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர். அரசியலின் நெருக்கடிக்கு இடையிலும் ஓவியம், கம்பளம், பழம்பொருள், நூல் ஆகியவற்றில் பேரீடுபாடு கொண்டிருந்தார். ஐரோப்பியப் பயணங்களின்போது மகளிரையும் கலைக்கூடங்களுக்கு அழைத்துச் சென்றார். ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்று காணும் பழக்கம் ஆபிக்கு இளமையிலேயே வாய்த்தது.

மூத்த சகோதரி லூசியும் அவ்வாறே வளர்ந்தார். பிற்காலத்தில் லூசி ஆசிய நாடுகளின் நெசவுத் துணிகளைத் திரட்டினார். ஆபி பூவும் புள்ளும் பதிந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களைத் திரட்டினார். இருவர் திரட்டுகளும் பிறந்த ஊரான பிராவிடன்ஸின் கலைப்பள்ளி அருங்காட்சியகத்துக்கே சென்று சேர்ந்தன. பிறந்த வீட்டில் பெற்ற சுவையைப் பிறந்த ஊருக்கே திருப்பியளித்தனர் அச்சகோதரியர்.

புகுந்த வீடு

1901ஆம் ஆண்டு அக்டோபரில் ஆபி, இளைய ஜான் ராக்பெல்லரை மணந்தார். புகுந்த வீட்டின் காற்றே வேறு. மாமனார் மூத்த ஜான் ராக்பெல்லர் 1870இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைத் தொடங்கி, உலகின் பெருஞ்செல்வர்களுள் முதல்வராய் உயர்ந்தவர். பாப்டிஸ்ட் சமய ஒழுக்கத்தில் ஊறியவர். மது இல்லை, களியாட்டம் இல்லை, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு உண்டு. அறத்துக்குக் கோடி கோடியாய் வழங்கியவர்க்குக் கலைப்பொருளுக்குச் செலவிடுவது வீண் எனப்பட்டது. சுவர்க்கு அழகு வேண்டுமென்பதை மறுக்கமாட்டார். அதற்காகப் பெரும்பொருள் தருவதை ஏற்கமாட்டார்.

அவர் மகனும் அதே ஒழுக்கத்தில் வளர்ந்தவர். எனினும் அவருள் ஓர் ஆசை துளிர்த்தது. 1913இல் பெரும் வங்கியாளர் பியர்பான்ட் மார்கன் காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய பொருள்களுள் ஒரு பகுதியை அவர் மகன் விற்க முற்பட்டார். ஒரு தந்தையின் திரட்டு கலைகிற அந்நேரத்தில் இன்னொரு மகனின் திரட்டு தொடங்கிற்று. 1915இல், மார்கன் வைத்திருந்த சீனப் பீங்கான் கலங்கள் டுவீன் என்னும் கலை வணிகர் கைக்கு வந்தபோது, அவற்றுள் தெரிந்தெடுத்த பலவற்றை இளைய ராக்பெல்லர் வாங்க விரும்பினார். விலை பத்து இலட்சம் டாலருக்கும் மேல். நாற்பதைக் கடந்து, பிள்ளைகளுக்குத் தந்தையாகிவிட்ட அவர், தம் தந்தையிடம் கடன் கேட்க வேண்டியிருந்தது.

மூத்தவர் முதலில் இசையவில்லை. உடையும் மண்கலத்துக்கு இவ்வளவு பொருளா என்னும் ஐயம் அவருக்கு. மகன் மனம் நொந்து ஒரு கடிதம் எழுதினார். குதிரைக்கோ, உல்லாசக் கப்பலுக்கோ, வேறு வீண்செலவுக்கோ தாம் ஒருபோதும் பணம் கேட்டதில்லை என்றும், இப்பீங்கான்களே தமக்குள்ள ஒரே பொழுதின்பம் என்றும், அவற்றைக் கற்பதும் காண்பதும் ஒழுக்கத்துக்கு மாறானதன்று என்றும் அதில் உணர்த்தினார். தந்தை நெகிழ்ந்தார், கேட்ட தொகையைக் கடனாக அன்றிக் கொடையாகவே அளித்தார். தந்தையின் சுவை மாறவில்லை. மகனின் சுவைக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவ்வீட்டில் கலைக்குத் திறந்த முதற்கதவு அது.

ஆனால் அக்கதவின் வழியே நுழையத்தக்கவை எவை என்பதில் இளைய ராக்பெல்லர் உறுதியாய் இருந்தார். வேலைப்பாட்டில் குறையற்றவை, காலத்தால் பழமையானவை, கண்ணுக்கு அமைதி தருபவை ஆகியனவே அவர்க்கு உகந்தன. ஒற்றைக்கொம்பு மானை வேட்டையாடும் காட்சி நெய்த இடைக்காலத் திரைச்சீலைகளை 1922இல் வாங்கினார். இன்றைய ஓவியர் தாம் கண்டதை வரையாமல் தம் மனம்போனபடி வரைகின்றனர் என்பது அவர் கருத்து. தந்தை தம்மைப் புரிந்துகொள்ளவில்லையே என்று ஒருகாலத்தில் வருந்திய மகன், தம் காலத்துக் கலையைத் தாம் புரிந்துகொள்ள மறுத்தார். தலைமுறைகளின் வரலாற்றில் இஃது அரிதன்று.

வீட்டுக்குள் ஒரு வேறுபாடு

நியூயார்க்கில் மேற்கு 54ஆம் தெருவில் பத்தாம் எண் கொண்ட ஒன்பதடுக்கு இல்லத்தில் அக்குடும்பம் வாழ்ந்தது. ஒரு மகளும் ஐந்து மகன்களும் அங்கு வளர்ந்தனர். கீழ்த்தளங்களில் கணவரின் பீங்கான்களும் பாரசீகக் கம்பளங்களும் பழைய ஓவியங்களும் இடம்பெற்றன. புத்தர் திருவுருவங்களும் குவான் இன் தேவியின் சிலைகளும் நிறைந்த ஓர் அறையை ஆபி அமைத்தார். மங்கிய ஒளியும் ஊதுவத்தி மணமும் கலந்த அவ்வறை பிள்ளைகளின் நினைவில் நெடுங்காலம் நின்றது. 1921இல் பீகிங் மருத்துவக் கல்லூரித் திறப்பு விழாவுக்குக் கணவருடன் சென்ற பயணம் அவ்வீடுபாட்டை மேலும் வளர்த்தது. கீழையுலகக் கலையில் கணவன் மனைவி இருவர் சுவையும் ஒன்றின.

வேறுபாடு 1920களின் நடுப்பகுதியில் தோன்றிற்று. அப்போது அம்மையார்க்கு ஐம்பது வயது. ஜெர்மானியக் கலையறிஞர் வாலன்டினரின் வழிகாட்டுதலில் அவர் ஜெர்மனியின் புதிய ஓவியங்களைக் கண்டார். கடுமையான வண்ணமும் உடைந்த கோடுகளும் கொண்ட அவ்வோவியங்களில், தாம் அறிந்திராத ஓர் உண்மையை உணர்ந்தார். பிறகு எடித் ஹால்பர்ட் அம்மையார் நடத்திய டவுன்டவுன் கலைக்கூடத்தின் வாயிலாக, வாழும் அமெரிக்க ஓவியர்களை அறிந்தார். அவர்கள் வறுமையில் உழல்வதையும் அறிந்தார். மறைந்த ஓவியனின் படத்தை வாங்குவதால் வணிகர் பயனடைவர். வாழும் ஓவியனின் படத்தை வாங்கினால் அவன் அடுத்த படத்தை வரைவான். இந்த எளிய உண்மை அவர் திரட்டலின் அடித்தளமாயிற்று.

இதற்குக் கணவரின் பெருஞ்செல்வம் துணைவரவில்லை. தமக்குப் பிடிக்காத கலைக்கு அவர் பொருள் தர விரும்பவில்லை, மனைவியைத் தடுக்கவுமில்லை. ஆகவே, பிறந்த வீட்டின் வழியே தமக்குரியதாய் வந்த பொருளைக் கொண்டு ஆபி வாங்கினார். எண்ணெய் வண்ண ஓவியங்களைக் காட்டிலும் நீர்வண்ணம், கோட்டோவியம், அச்சோவியம் ஆகியவையே அவர் திரட்டில் மிகுதி. விலை குறைவு என்பது ஒரு காரணம். ஓவியனின் கை தயங்கும் இடமும் துணியும் இடமும் அவற்றில் தெரிவது மற்றொரு காரணம். உலகப் பெருஞ்செல்வர் வீட்டு மருமகள் தம் கலைத்திரட்டைச் சிக்கனத்தில் தொடங்கினார் என்பது வியப்புக்குரியது.

வாங்கியவற்றைத் தொங்கவிட இடம் வேண்டுமே? கணவர் உலவும் தளங்களில் அவற்றை வைத்து அவர் மனத்தை வருத்த அம்மையார் விரும்பவில்லை. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குச் செல்லத் தொடங்கிய காலம் அது. அவர்கள் விளையாடிய மேல்மாடி அறைகள் வெறுமையாய்க் கிடந்தன. வடிவமைப்பாளர் டொனால்டு டெஸ்கியைக் கொண்டு அவ்விடத்தை ஒரு கலைக்கூடமாக மாற்றினார். பிள்ளைகள் ஓடியாடிய இடத்தில் புதிய ஓவியங்கள் குடியேறின. கீழே கணவரின் உலகம். மேலே மனைவியின் உலகம். இடையே ஒரு படிக்கட்டு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஏறிவர விரும்புவோர் ஏறிவரலாம். அங்கு அடிக்கடி ஏறிவந்தவர் இரண்டாவது மகன் நெல்சன். தாய்வழிப் பாட்டனாரின் பெயரைத் தாங்கிய அவர், பாட்டனாரின் கண்ணையும் தாங்கியிருந்தார்.

1930 திசம்பரில் ஓவியர் மத்தீஸ் அவ்வில்லத்துக்கு விருந்தினராய் வந்தார். இளைய ராக்பெல்லரின் சீனப் பீங்கான்களையும் கம்பளங்களையும் கண்டு மகிழ்ந்தார். பின்னர், அப்பீங்கானைப் படைத்த கைவினைஞர் எந்த ஒழுங்கையும் இசைவையும் தேடினரோ அவற்றையே தாமும் தம் நண்பர்களும் தேடுவதாக வீட்டுத் தலைவரிடம் எடுத்துரைத்தார். இளைய ராக்பெல்லர் நல்ல பிரெஞ்சு மொழியில், மிக்க பணிவுடன், தம் மனம் இன்னும் மாறவில்லை என்று தெரிவித்தார். மனைவியின் விடாமுயற்சி என்றேனும் தம்மைக் கரைத்துவிடக்கூடும் என்றும் நகைச்சுவையாய்ச் சேர்த்துக்கொண்டார். பழமைக்கும் புதுமைக்கும் இடையில் உள்ள உறவை இவ்வளவு எளிதாய்க் கூறிய விருந்தினர் வேறொருவர் இருந்திரார். கேட்டவரோ மாறவில்லை. கலையில் வாதத்தால் மனம் மாறுவது அருமை. அதனை உணர்ந்திருந்தமையால்தான் அம்மையார் கணவரோடு வாதிட்டதை விட, காத்திருந்ததே மிகுதி.

வீட்டிலிருந்து நாட்டுக்கு

1928-29 குளிர்காலத்தில் எகிப்துக்குச் சென்ற ஆபி அங்கே லில்லி பிளிஸ் அம்மையாரைச் சந்தித்தார்; திரும்பும் கப்பலில் மேரி குவின் சல்லிவன் அம்மையாரைச் சந்தித்தார். மூவரும் புதிய கலையை விரும்பியவர்கள். அன்றைய பெருங்கலைக்கூடங்கள் அக்கலைக்கு வாயிலடைத்திருந்தன. வான்கோ வறுமையில் இறந்தபின் உலகம் அவரைக் கொண்டாடியது. அப்பிழை மீண்டும் நிகழாதிருக்க வேண்டுமானால், வாழும் கலைக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று மூவரும் கருதினர். ஏ. காங்கர் குட்யியர் தலைவரானார், இருபத்தேழு வயது இளைஞர் ஆல்பிரட் பார் இயக்குநரானார், ஆபி பொருளாளரானார்.

1929 அக்டோபர் 29இல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. பத்தே நாளில், நவம்பர் 8இல், ஐந்தாம் அவென்யூவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் 12ஆம் மாடி வாடகை அறைகளில் நவீனக் கலைக்கூடம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. செசான், கோகான், சூரா, வான்கோ ஆகிய நால்வரின் படைப்புகள் முதற்காட்சியில் இடம்பெற்றன. நாடெங்கும் நம்பிக்கை சரிந்த அந்நாளில், ஒரு மாத காலத்துக்குள் ஏறத்தாழ 47,000 பேர் மின்தூக்கியில் நெருக்கியடித்து ஏறிவந்து அவற்றைக் கண்டனர். மேல்மாடியில் ஒரு குடும்பத்துக்கென இருந்த கூடம் ஒரு நகரத்துக்கென விரிந்தது.

இளையோர்க்கென ஓர் ஆலோசனைக் குழுவும் 1930இல் அங்கு அமைக்கப்பட்டது. அதன் தலைமையை ஏற்றவர் கல்லூரியை முடித்திருந்த நெல்சன். புதிய கலைக்கு இல்லம் அமைத்த மூத்தோர், தமக்கு அடுத்த தலைமுறைக்கும் அவ்வில்லத்தில் இருக்கை அளித்தனர்.

அம்மையாரின் கண் வேறொரு திசையிலும் சென்றது. ஊர் ஊராய் நடந்து உருவப்படம் எழுதிய பெயரறியா ஓவியர்கள், கூரைமேல் காற்றின் திசை காட்டும் சேவலையும் மீனையும் வெட்டிய கொல்லர்கள், வெல்வெட் துணியில் பழக்கூடை தீட்டிய பெண்கள் ஆகியோரின் படைப்புகளை அவர் திரட்டினார். 1932இல் நவீனக் கலைக்கூடம் எளிய மக்களின் கலையைக் காட்சிப்படுத்தியபோது, அதில் பெரும்பாலானவை அவருடையவை. தம் பெயர் வெளிப்படுவதை அவர் விரும்பவில்லை. அத்திரட்டைப் பின்னர் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகருக்கு 1939இல் கொடையாக்கினார். அந்நகர் கணவர் பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்த பழைய நகர். அவர் போற்றிய பழமையும் இவர் கண்டெடுத்த எளிமையும் அங்கு அருகருகே அமைந்தன.

சுவரும் கைப்பெட்டியும்

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதனை விலக்கிச் சொன்னால் அது புகழுரையாகுமே அன்றி வாழ்க்கை வரலாறு ஆகாது.

மெக்சிகோ ஓவியர் தியகோ ரிவேரா பொதுவுடைமையர். 1931 திசம்பரில் நவீனக் கலைக்கூடம் அவருடைய ஓவியக் காட்சியைத் தொடங்கிற்று. அம்மையார் அவரை மதித்து வரவேற்றார். 1928இல் மாஸ்கோவின் மே நாள் ஊர்வலத்தைக் கண்டு ரிவேரா தீட்டிய நீர்வண்ணச் சிற்றோவியங்கள் 45 அடங்கிய தொகுப்பை வாங்கினார். செங்கொடிகள் நிறைந்த அத்தொகுப்பு, எண்ணெய்ச் செல்வத்தின் இல்லத்தில் பத்திரமாய் இருந்தது.

நியூயார்க்கின் நடுவே ராக்பெல்லர் மையம் எழுந்தபோது, அதன் முதன்மைக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் சுவரோவியம் தீட்ட ரிவேரா அழைக்கப்பட்டார். அதில் தாயும் மகனும் ஆர்வம் காட்டினர். 1933 வசந்தத்தில் சுவரில் லெனினின் முகம் தோன்றிற்று. அதனை நீக்கி அறியாத ஒரு முகத்தை வரையுமாறு இருபத்து நான்கு வயது நெல்சன் பணிவாகக் கடிதம் எழுதினார். ரிவேரா மறுத்தார், லெனினுக்கு எதிர்ப்புறம் லிங்கனை வரைந்து ஈடுசெய்யலாம் என்றார். மே மாதத்தில் அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். கூலி முழுவதும் கொடுக்கப்பட்டது; ஓவியம் திரையிட்டு மறைக்கப்பட்டது. 1934 பிப்ரவரியில் அது சுவரிலிருந்து உடைத்தெறியப்பட்டது. ரிவேரா மெக்சிகோ நகரில் அதனை மீண்டும் தீட்டினார். அப்புதுப்படத்தில், வாழ்நாளில் மதுவைத் தொடாத இளைய ராக்பெல்லரைக் களியாட்ட விடுதியில் கோப்பையோடு நிற்க வைத்தார். ஓவியனின் பழி ஓவியத்திலேயே தீர்ந்தது.

மே நாள் ஊர்வலம் கைப்பெட்டிக்குள் இருந்தபோது அது கலை. வணிகக் கட்டடத்தின் சுவரில் ஏறியபோது அது கேடு. திரட்டுவோரின் அன்புக்கு உள்ள எல்லையை இதைவிடத் தெளிவாய்க் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. ஒரு படத்தை வாங்குபவர் அதன் அழகை மட்டும் வாங்கிக்கொண்டு அதன் சொல்லை விட்டுவிட முடியும். சுவரில் நின்று பேசும் சொல்லுக்கு விடை கூறியாக வேண்டும். அவ்விடையைக் கூறத் தாயின் கலைக்கூடமும் போதவில்லை. மகனின் இளமையும் போதவில்லை. பாட்டனார் தேடிய செல்வம் அன்று பேரனின் கண்ணை வென்றது. 1935இல் அம்மையார் நவீனக் கலைக்கூடத்துக்கு வழங்கிய 181 படைப்புகளோடு அம்மே நாள் தொகுப்பும் சென்றது. உடைந்த சுவருக்கு அஃது ஈடாகாது. எனினும் அத்தாள்கள் அழியாமல் நின்றன.

கொடையும் விடுதலையும்

காலம் சிலவற்றை இயல்பாய் ஆற்றிற்று. பிள்ளைகள் தனித்தனி இல்லங்களுக்குச் சென்றபின் 54ஆம் தெரு இல்லம் பெரிதாயிற்று. கணவனும் மனைவியும் வேறு குடியிருப்புக்கு மாறினர். 1938இல் அவ்வில்லம் இடிக்கப்பட்டது. அந்நிலத்தை இளைய ராக்பெல்லர் நவீனக் கலைக்கூடத்துக்கே வழங்கினார். அதே ஆண்டில் அவருடைய கொடையால் எழுந்த குளோய்ஸ்டர்ஸ் என்னும் இடைக்காலக் கலைக்கூடமும் திறக்கப்பட்டது. ஒற்றைக்கொம்பு மானின் திரைச்சீலைகள் அங்கே சென்று சேர்ந்தன. தமக்குப் பிடித்ததற்கு ஓர் இல்லம் கட்டிய ஆண்டிலேயே, தமக்குப் பிடிக்காததற்குத் தம் இல்லம் நின்ற நிலத்தையே தந்தார். சுவை மாறாமலே மனிதர் பெருந்தன்மையராக முடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. 1915இல் அவர் தந்தை அவர்க்குச் செய்ததை அவர் தம் மனைவிக்கும் மகனுக்கும் செய்தார். 1939இல் புதிய கட்டடம் திறந்தபோது, அக்கலைக்கூடத்தின் தலைவர் நெல்சன்.

1940இல் ஆபி 1,600 அச்சோவியங்களை நவீனக் கலைக்கூடத்துக்கு அளித்தார். 1948 ஏப்ரல் 5இல் காலமானார். அவர் இடத்தில் அறங்காவலராய் அமர்ந்தவர் கடைசி மகன் டேவிட். இல்லம் நின்ற நிலத்தில் 1953இல் ஒரு சிற்பத் தோட்டம் அமைந்தது. அது அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாயின் கண்ணைப் பிள்ளைகள் பெற்றனரா? பெற்றனர், ஆனால் தாய் கண்டதையே காணவில்லை.

நெல்சன் தாயைப் போலப் பிக்காசோவையும் மத்தீஸையும் விரும்பினார். அத்தோடு நில்லாமல் ஆப்பிரிக்கா, ஓசியானியா, பழைய அமெரிக்கா ஆகிய நிலங்களின் தொல்குடிக் கலையைத் தேடினார். மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் அக்கலையை ஏற்க முன்வராதபோது, 1954இல் தாமே ஒரு கலைக்கூடம் நிறுவினார். அடைத்த கதவின் முன் நின்று வாதிடாமல் புதிய கதவு திறப்பது தாயிடம் கற்றது. பிக்காசோவின் ஓவியங்களைத் திரைச்சீலைகளாய் நெய்விக்கவும் செய்தார். 1955இல் நெய்யப்பட்ட குவெர்னிகா திரைச்சீலை, 1985 முதல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புப் பேரவையின் வாயிலில் இடம்பெற்றது. தந்தை விரும்பிய நெசவும் தாய் விரும்பிய ஓவியமும் மகனின் கையில் ஒன்றாயின.

நெல்சனின் மகன் மைக்கேல் தந்தையின் தேட்டத்தை இன்னும் தொலைவுக்குக் கொண்டு சென்றார். விலைகொடுத்து வாங்குவதோடு அமையாமல், படைத்தோர் வாழும் நிலத்துக்கே சென்றார். நியூகினியில் அஸ்மத் மக்களின் மரச்சிற்பங்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, 1961 நவம்பரில் படகு கவிழ, கரைநோக்கி நீந்தியவர் மீண்டு வரவில்லை. வயது 23. நெல்சனின் தொல்குடிக் கலைத் திரட்டு பின்னாளில் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கே சென்றது. 1982இல் திறந்த அப்பகுதிக்கு மைக்கேலின் பெயரே சூட்டப்பட்டது. தந்தையின் திரட்டு மகனின் பெயரைத் தாங்கியது. தலைமுறைகளின் இயல்பான வரிசை அங்கே தலைகீழாயிற்று.

மூத்த மகன் மூன்றாம் ஜான், தாயின் ஊதுவத்தி மணக்கும் அறையை மறவாதவர். 1956இல் ஆசியக் கழகத்தை நிறுவினார். மனைவி பிளான்செட்டுடன் சேர்ந்து திரட்டிய ஆசியக் கலைப்பொருள்கள் 1978இல் அவர் விபத்தில் இறந்தபின் அக்கழகத்தைச் சேர்ந்தன. அவற்றுள் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உள்ளன. பட்டும் மலரும் சூடி வீதியுலா வரவென வார்க்கப்பட்ட ஆடவல்லானும் உமையும் நியூயார்க்கின் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கின்றனர். திரட்டியவர் கண்ணுக்கு அவை கலையின் சிகரம். வார்த்தவர் கண்ணுக்கு அவை தெய்வம். ஒரு குடும்பத்துக்குள் தந்தைக்கும் மகனுக்கும் இடையில் உள்ள பார்வை வேறுபாட்டை விட இது பெரிய வேறுபாடு. அதற்கு ஒரு படிக்கட்டு இன்னும் கட்டப்படவில்லை.

டேவிட் முதலில் பழைய ஆங்கில உருவப்படங்களால் தம் இல்லத்தை அணிசெய்திருந்தார். ஆல்பிரட் பாரின் மனைவி கூறிய கூரிய ஒரு சொல் அவர் கண்ணைத் திருப்பியது என்பர். அதன்பின் அவரும் மனைவி பெக்கியும் புதிய ஓவியங்களைத் திரட்டினர். 2017இல் தம் 101ஆம் வயதில் அவர் மறைந்தார். மறு ஆண்டு அத்திரட்டு ஏலத்தில் 83 கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. அத்தொகை அறப்பணிகளுக்கெனக் குறிக்கப்பட்டிருந்தது. பாட்டனார் வீண் என்று ஐயுற்ற செலவு, அவர் போற்றிய அறத்துக்கே பொருளாய்த் திரும்பியது.

ஐம்பது ஆண்டுத் தவணை

ஆபி அம்மையாரின் உயிலில் ஒரு குறிப்பு உண்டு. வான்கோவின் கோட்டோவியங்கள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரம். மற்றொன்று கடலோர ஊரின் தெரு. அவ்விரண்டும் நவீனக் கலைக்கூடத்தில் ஐம்பது ஆண்டுகள் இருக்கலாம். அதன்பின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஐம்பது ஆண்டுக்குப்பின் அவை புதிய கலையாக இரா; பழங்கலையோடு சென்று சேர்வதே முறை என்பது கருத்து. 1998இல் அவ்வாறே அவை இடம்பெயர்ந்தன.

திரட்டியவர் பலரும் தம் திரட்டு கலையாது என்றும் நிலைக்க வேண்டும் என்றே உயில் எழுதுவர். தம் சுவைக்குத் தாமே தவணை குறித்தவர் அரியர். தாம் போராடி இடம்பெற்றுத் தந்த புதுமை ஒருநாள் பழமையாகும். அன்று அது அடுத்த தலைமுறையின் புதுமைக்கு இடம்விட்டு விலக வேண்டும் என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். கணவரின் பீங்கான்கள் கீழ்த்தளத்தில் இருந்தமை அவரை வருத்தவில்லை. தம்முடைய ஓவியங்களும் ஒருநாள் கீழ்த்தளத்துக்கு இறங்கும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். புதிய கவிதைக்கென இடம் கேட்டுப் பெற்றவர்களும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

நியூயார்க்குக்கு வடக்கே போகான்டிகோ மலைச் சிற்றூரில் ஒரு சிறு தேவாலயம் உள்ளது. தாயின் நினைவாக அங்கு ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்துத் தருமாறு பிள்ளைகள் மத்தீஸை வேண்டினர். நோயுற்ற முதுமையில், வண்ணத்தாளை வெட்டி ஒட்டி அவர் அதனை வடிவமைத்தார். 1954 நவம்பர் 3இல் அவர் உயிர் நீத்தார். அச்சாளரத்தின் வடிவமே அவருடைய கடைசிப் படைப்பு. 1960இல் இளைய ராக்பெல்லர் காலமானபின், அவர் நினைவாக அதே ஆலயத்தில் நல்ல சமாரியன் கதை கூறும் பெருஞ்சாளரம் அமைந்தது. அதனைத் தீட்டியவர் மார்க் ஷகால். அவரும் புதிய ஓவியரே. இறுதிவரை மேல்மாடிக்கு மனம் ஏறாத தந்தையைப் பிள்ளைகள் தம் காலத்துக் கண்ணால் நினைவுகூர்ந்தனர். மைக்கேலுக்கும் அங்கு ஷகாலின் ஒரு சாளரம் உண்டு. தாயும் தந்தையும் பேரனும் மூன்று சாளரங்களாய் நிற்க, ஒரே கதிரவனின் ஒளி மூன்று வண்ணமாய் ஆலயத் தரையில் விழுகிறது.